ஓரிரு இடங்களில் ஒன்று, எங்கள் மொட்டைமாடி

காலை ஷிப்டுக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். மீதிப் பேர் வானிலை கேட்பார்கள். டிவியில் வரும் வானிலை இல்லை. வானத்தைப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் யாரோ ஒருவர் தினமும் ஒரு குரல் பதிவு போடுவார். அது கைமாறிக் கைமாறி எங்கள் கம்பெனி லைன் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து சேரும். அவர் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. வானிலை அண்ணன் என்றுதான் சொல்வோம்.

அவர் எல்லாவற்றையும் சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் எப்போதும் ஒரு வரி வைப்பார்: ஓரிரு இடங்களில் லேசான தூறல் இருக்கலாம். அந்த வரி வந்ததும் பஸ்ஸில் ஒரு சிரிப்பு கிளம்பும். பின்சீட்டிலிருந்து ஒருவர் ஒருமுறை சொன்னார், "அந்த ஓரிரு இடத்துக்கு ஒரு பஸ் ரூட்டு போட்டா நல்லாருக்கும்பா, ஒரு தபா போய் பாத்துட்டு வரலாம்." எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, மிச்சப் படிப்பு முழுக்க இப்படிப் பஸ்ஸில் வந்து விழுந்ததுதான். யார் என்ன சொன்னாலும் என் காது அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்ளும்.

ஆனால் அந்த டிசம்பரில் நான் சிரிக்காமல் கேட்டேன். எங்கள் வீட்டுக்குத் தளம் போட வேண்டியிருந்தது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். பல வருஷ ஓவர்டைம் காசெல்லாம் சேர்ந்து நான்கு சுவராக நின்றது. சுவர் வரைக்கும் எது தப்பானாலும் பூசி மறைத்துக்கொள்ளலாம். தளம் ஒரே தடவைதான். வெடித்து ஒழுகினால் உடைத்துவிட்டு மறுபடி போடும் தெம்பு எனக்கும் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் இல்லை. அவர் ஒரு கம்பெனிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எனக்குக் கார் விளக்கு செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. விளக்கின் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, மயிரிழை அளவு கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது வருஷக் கடைசி ஷட்டவுன் வாரத்தில்தான். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தளம் என்று நாங்களே முடிவு பண்ணிவிட்டோம்.

மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை.

"மார்கழில நான் ஒரு செங்கல்லக்கூட எடுத்து வெக்க மாட்டேன்மா. எங்க வூட்ல கேட்டா தொடப்பத்த எடுப்பா."

"எங்களுக்கு ஏதுணா மார்கழி, டிசம்பர்தான்" என்றேன்.

"உனுக்கு டிசம்பர். மேல ஏறி நிக்கப் போறது நான். எனுக்கு மார்கழி."

என் வீட்டுக்காரர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "ஏம்பா, மார்கழில வேல ஆரம்பிக்கத்தான் கூடாது. இது ஆவணில ஆரம்பிச்ச வூடு. நடுவுல நடக்கறது எந்தக் கணக்குல வரும்?"

மேஸ்திரி டீயைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தார். "ஆவணிக் கணக்குலயே வெச்சுக்கலாம்" என்றார்.

மார்கழி ஒருவழியாகத் தீர்ந்தது, மழை தீரவில்லை. அந்த வருஷம் பெய்த பெய்யலில் எங்கள் மனையில் செப்டிக் டேங்குக்கு வெட்டின பள்ளம் குளமாகி, தவளை குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. போட்ட ஈரத்தில் மழை அடித்தால் சிமெண்டெல்லாம் கழுவிக்கொண்டு போய் ஜல்லிதான் மிஞ்சும் என்று மேஸ்திரி வேறு பயமுறுத்தி வைத்திருந்தார். அப்போதுதான் வானிலை அண்ணன் விடுமுறை வாரத்துக்கென்றே ஒரு கணிப்புப் போட்டார். வறண்ட வானிலை. இரவில் குளிர் வழக்கத்தைவிடக் குறைவு. பனிமூட்டம் அரிது. பகலில் இதமான வெயில். வாரக் கடைசியில் ஓரிரு இடங்களில், வழக்கம்போல.

பஸ்ஸில் அதைக் கேட்டதும் நான் பக்கத்துச் சீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், எங்கள் லைனில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஊருக்குப் போக ரயில் டிக்கெட் கிடைக்காமல் முகம் வாடி உட்கார்ந்திருந்தவள், "யக்கா, ஒங்க வீட்டுக்குத் தளம் போடுதாவன்னா என்னய எதுக்குப் போட்டு நெரிக்கீய" என்றாள். நீயும் வந்துவிடு என்றேன். வந்தவள் அந்த வாரம் முழுக்க, மனைக்கு எதிரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் எங்களோடுதான் இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஊருக்குப் போகாமல் மிஞ்சியிருந்த லைன் பெண்களும் கிடங்கு ஆட்களும் ஒத்தாசைக்கு என்று வந்து இறங்கினார்கள். கம்பெனியில் வேலை செய்கிறவர்களை லீவு நாளில் ஒரு மனைக்குள் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வேண்டாததை வெளியே போடு, வேண்டியதை இடத்தில் வை என்று எங்கள் கம்பெனிச் சுவரெல்லாம் எழுதியிருக்கும். வந்தவர்கள் அதையே செய்தார்கள். செங்கல்லை வரிசையாக அடுக்கினார்கள். மண்வெட்டிக்கு ஓர் இடம், கலவை அள்ளும் பாண்டுக்கு ஓர் இடம். மறுநாளைக்கு மறுநாள் கலவைக்கு வேண்டிய தண்ணீரை டிரம்களில் நிரப்பி மூடி வைத்தார்கள். அப்புறம் எல்லார் கண்ணும் அந்தப் பள்ளத்தின் மேல் விழுந்தது.

"யாராச்சும் வழுக்கி உள்ள விழுந்தா இன்னா பண்றது? சேஃப்டி முக்கியம்" என்றார் கிடங்கு ஆள் ஒருவர். போர்வெல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து பள்ளத்தில் குழாயை இறக்கினார்கள். மழைத் தண்ணீர் முழுவதும் தெருவில் ஆறாக ஓடியது. நாங்கள் கைதட்டினோம். கடைசியில் சேற்றை இழுத்து மோட்டார் ஒரு தினுசாக முனகி, வாடை கிளப்பிவிட்டு நின்றது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாளை கிறிஸ்துமஸ், மோட்டார் எங்கே ஓடிவிடப் போகிறது.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் ஒரு மாக் டிரில்லும் நடத்தினார். கம்பெனியில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று வருஷத்துக்கு ஒருமுறை விசில் ஊதி ஓட விடுவார்களே, அது. சர்ச்சிலிருந்து பெரிய தார்ப்பாய் ஒன்று கடன் வாங்கி வந்திருந்தோம். இவர் விசில் ஊதினால் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு சாரத்தில் ஏறித் தளத்தை மூட வேண்டும். முதல் தடவை தார்ப்பாய்க்குள் திருநெல்வேலிக்காரி மாட்டிக்கொண்டாள். இரண்டாம் தடவை மேஸ்திரி. சாயங்காலம் ஆவதற்குள், விசில் வாயிலிருந்து இறங்குமுன் தார்ப்பாய் மேலே விரிந்துவிடும் அளவுக்குத் தேறிவிட்டோம். மேலே ஒரு மேகம்கூட இல்லை.

கிறிஸ்துமஸ் காலையில் என் வீட்டுக்காரர் சுங்குவார்சத்திரத்தில் ரோட்டோரம் வாங்கின ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தார். ஒவ்வொரு டிசம்பரும் இந்த வருஷமாவது குளிரும் என்று நம்புகிற மனிதர். பாதிப் பாட்டில் வியர்த்து, பாட்டுப் புஸ்தகத்தால் விசிறத் தொடங்கிவிட்டார். பின்வரிசையிலிருந்த ஓர் அம்மா என் காதருகில் குனிந்து, "ஸ்வெட்டரும் போட்டுக்கினு விசிறிக்கவும் செஞ்சா கர்த்தர் எத நம்புவாரு?" என்றார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. ஜெபத்தின்போது தோள் குலுங்க நின்றேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் தளம் போட்ட கதையைச் சொன்னால் அது கல்யாணக் கதை மாதிரி இருக்கும். கலவை மிஷின் சத்தமே மேளம். பாண்டு பாண்டாகக் கலவை ஏறியது. என் வீட்டுக்காரர் வந்த லாரியையும் போன ஆட்டோவையும் விசில் ஊதி ஊதி ரிவர்ஸ் எடுக்க வைத்தார். ஒவ்வொரு விசிலுக்கும் எங்கள் கைகள் தார்ப்பாயைத் தேடி ஓடின. "விசிலப் புடுங்குங்கடி அந்த ஆள்கிட்டேந்து" என்று மேலேயிருந்து மேஸ்திரி கத்தினார். மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி. மார்கழி என்பதால் மேஸ்திரிக்கு மட்டும் தயிர்சாதம்.

"நீயும் ஆவணிக் கணக்குலயே சாப்பிடேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாயால சாப்டாதான் பாவம். பார்வையாலயே ரெண்டு பிளேட்டு முடிச்சிட்டேன், நீ உன் எலையப் பாரு."

வெயில் இறங்குவதற்குள் தளம் முடிந்தது. மட்டப்பலகையால் தேய்த்துவிட்ட ஈரத்தளம் சாம்பல் நிறத்தில் பளபளத்தது. இதமான காற்று. மழையும் இல்லை, பனியும் இல்லை. வானிலை அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கு நான் பேசினது கொஞ்சமில்லை; திருநெல்வேலிக்காரி தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

விடிந்ததும் மேலே ஏறிப் பார்த்தேன். வேலைப் பழக்கம், போனில் டார்ச்சைப் போட்டுச் சாய்த்துப் பிடித்தேன். தெற்கு மூலையில் ஒரு கோடு. பென்சிலால் இழுத்த மாதிரி. பக்கத்தில் இன்னொன்று.

மேஸ்திரி வந்து குனிந்து பார்த்தார். சிரிப்பு இல்லை.

"மழை வருமா வருமான்னே பாத்துக்கினு இருந்தமே. இந்தக் காத்தும் வெயிலும் உனுக்குத்தான் இதம். காங்கிரீட்டுக்கு நாக்கு வறண்டு போச்சு. கோடு இப்ப மேலாக்கத்தான் கீது. இன்னிக்கே தண்ணி கட்டிட்டா இத்தோட நின்னுடும். வுட்டா உள்ள எறங்கும், அப்புறம் ஒழுவும்."

சிமெண்டைப் பாலாகக் கரைத்துக் கோடுகளில் தேய்த்தார். தளம் முழுக்கச் சின்னச் சின்ன வரப்பு வைத்துப் பாத்தி கட்டினார். நாற்று நடப் போகிற மாதிரி இருந்தது. "தண்ணியத் தொற" என்றார்.

என் வீட்டுக்காரர் மோட்டார் சுவிட்சைப் போட்டார். சத்தமே இல்லை. மறுபடி போட்டார். அப்போதுதான் எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே சமயத்தில் அந்தப் பள்ளத்துப் பக்கம் திரும்பியது. சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி இருந்தது பள்ளம். ஒரு வாரத்துக்குத் தளத்துக்குப் போதுமான தண்ணீர் அதில்தான் இருந்தது. கைதட்டித் தெருவில் விட்டிருந்தோம்.

கருகின மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கட்டுகிறவர் கடைக்கு ஓடினால் கதவு சாத்தியிருந்தது. மாலை போட்டிருந்தார், சபரிமலைக்குப் போய்விட்டார். டேங்கர் லாரிக்காரரைத் தேடினால் அவரும் அதே வேனில் போயிருந்தார். பஞ்சாயத்துக் குழாயில் வரும் தண்ணீர் ஊர் குடிக்கவே காணாது. "ஊர்ல தண்ணி வெச்சிருக்கவன் எல்லாம் மலைல இருக்கான்" என்று தலையில் கை வைத்தார் என் வீட்டுக்காரர்.

"ஏன்க்கா, அந்தா பெரிசா ஏரி கெடக்கே. அதுவும் மலைக்குப் போயிட்டா?" என்றாள் திருநெல்வேலிக்காரி.

எங்கள் லைனில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணின் அண்ணன், குட்டியானை வண்டியில் தண்ணீர் கேன் போடுகிறவர். அவரைப் பிடித்தோம். கேன்களை இறக்கிவிட்டு, எங்கள் டிரம்களை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்வந்தார். வண்டியிலிருந்து மொட்டைமாடி வரைக்கும் சாரத்தில் ஆள் நிறுத்தினோம். எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நிறைந்த குடம் இந்தக் கையில் வரும், காலிக் குடம் அந்தக் கையில் போகும். கடைசியில் திருநெல்வேலிக்காரி நின்று பாத்தியில் ஊற்றினாள். தளும்பிக் குறைந்த குடம் வந்தால், "இது ரிஜெக்ட்டு, திருப்பி அனுப்புதேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஊற்றிக்கொள்வாள். என் வீட்டுக்காரர் தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஹேப்பி கிறிஸ்துமஸ் சொல்லிக்கொண்டு நிற்க, குடங்கள் அவரிடம் வந்து தேங்கின.

"லைன் நிக்குது, லைன் நிக்குது. அந்த ஸ்டேஷன்ல யாருடி?" என்று மேலேயிருந்து ஒருத்தி கத்தினாள்.

"உங்க மாமாதான்" என்றேன்.

"அவர ஷிப்டு மாத்திவுடு."

எந்தக் குடத்தில் வந்ததோ, விரல் நீளத்துக்கு ஒரு கெண்டை மீன் தெற்கு மூலைப் பாத்தியில் வந்து விழுந்து நீந்தத் தொடங்கியது. விரிசல் இருந்த அதே பாத்தி. மேஸ்திரி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். "பால் காய்ச்சறதுக்குள்ள குடி வந்துட்டான் பாரு" என்றார். நாங்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம். அப்புறம் அவரே சொன்னார், "இவன் இங்கயே இருக்கட்டும். இவன் நீந்தற வரைக்கும் தண்ணி இறங்கலன்னு அர்த்தம். படுத்தான்னா ஓடி வந்து சொல்லு."

அதோடு எங்கள் வீட்டின் தலைவிதி ஒரு கெண்டை மீனிடம் போய்ச் சேர்ந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலை மீனைப் பார்ப்பது. தளம் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் தூக்கிக்கொண்டே இருந்தோம். வெயில் படாமல் இருக்க, அந்த மூலையில் ஈரச்சாக்கு போட்டோம். சாக்கு பற்றாத இடத்துக்கு என் வீட்டுக்காரர் தன் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து, ஏரித் தண்ணீரில் நனைத்து, கைகள் இரண்டையும் விரித்து வரப்பு மேல் போர்த்தினார். "யாராச்சும் ஒருத்தருக்காவது குளிரட்டும்" என்றார்.

வருஷத்தின் கடைசி நாள் குட்டியானைக்காரர் குடும்பத்தோடு மறைமலை நகரில் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி இல்லை. ஏரியிலிருந்து தலையில் சுமந்து வந்தால் எவ்வளவு வரும்? மத்தியானத்துக்குள் பாத்தியெல்லாம் பாதம் நனையும் அளவுக்கு வற்றிவிட்டது. தெற்கு மூலையில் மீன் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. மிச்சத் தண்ணீரெல்லாம் அதற்கே ஊற்றினோம். தண்ணீர் வெயிலில் குறைகிறதா, விரிசலில் இறங்குகிறதா என்று மேஸ்திரிக்கே பிடிபடவில்லை. வாசல்பக்கம் போய் மார்கழிமேல் பழியைப் போட வாயெடுத்தார்; "ஆவணிக் கணக்குணா" என்றேன். மூடிக்கொண்டார்.

நான் போனை எடுத்து வானிலை அண்ணனின் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டேன். வறண்ட வானிலை. இதமான வெயில். ஓரிரு இடங்களில் லேசான தூறல். இத்தனை நாள் வரக்கூடாது என்று வேண்டினது அதே வரியைத்தான். திருநெல்வேலிக்காரி படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து, "அந்த ஓரிரு எடம் எந்த ஜில்லாவுல இருக்குன்னாவது அந்தாளு சொல்லப்படாதா" என்று புலம்பினாள்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஏரிப் பக்கம் ஒரே ஒரு மேகம். அழுக்குப் போர்வை மாதிரி, தனியாக, வழி கேட்டுக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. என் டீ டம்ளரில் ஒரு துளி விழுந்தது. அடுத்தது மூக்கில்.

விசில் சத்தம் கேட்டது.

என் வீட்டுக்காரர்தான். துளி பட்டதும் கை தானாக விசிலுக்குப் போய்விட்டது. விசில் கேட்டதும் எங்கள் கால்கள் தானாக ஓடின. ஆளுக்கு ஒரு முனை. சாரத்தில் தடதடவென்று ஏறி, கண் மூடித் திறப்பதற்குள் தார்ப்பாயை விரித்து, முனைகளில் செங்கல் வைத்து, தளம் முழுவதையும் இம்மி விடாமல் மூடிவிட்டோம். டிரில்லில்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. மூச்சு வாங்க நிமிர்ந்து ஒருவரையொருவர் பெருமையாகப் பார்த்துக்கொண்டோம். தார்ப்பாய் மேல் மழை படபடவென்று அடித்தது.

முதலில் வாயைத் திறந்தவர் மேஸ்திரிதான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கீழே நின்றிருந்தார். "எம்மா, இன்னாத்துக்குமா மூடறீங்க?"

நாங்கள் காலடியில் கிடந்த தார்ப்பாயைக் குனிந்து பார்த்தோம். பிறகு திருநெல்வேலிக்காரி மெதுவாகக் கேட்டாள், "யக்கா, இப்ப நாம எதுக்கு இத மூடுனோம்?"

நான் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நிற்க முடியாத சிரிப்பு. என் வீட்டுக்காரர் விசிலை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் அது விட்டு விட்டு ஊதியது. செங்கற்களைத் தள்ளி முனைகளைத் தூக்குவதற்குள் மேகம் தன் வேலையை முடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் மண் நனையவே இல்லை. ஆனால் முனைகளைத் தூக்கியதும் தார்ப்பாய் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிய பள்ளத்தில் அந்த மழை முழுவதும் அப்படியே தேங்கியிருந்தது.

"கொட்டிடாதீங்க, புள்ளத்தாச்சியத் தூக்கற மாதிரி தூக்குங்க" என்று மேஸ்திரி கீழேயிருந்து கெஞ்சினார். எல்லாருமாக ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, வரப்பை மிதிக்காமல் அடிமேல் அடி வைத்து நகர்ந்து, ஒவ்வொரு பாத்தியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தோம். கடைசியாகத் தெற்கு மூலை. தண்ணீர் விழுந்ததும் மீன் ஒரு சுற்று சுற்றிவிட்டு ஸ்வெட்டர் கைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அங்கேயே நின்று போனை எடுத்து வானிலை அண்ணனுக்கு ஒரு குரல் பதிவு பேசினேன். "அண்ணா, நீங்க சொன்ன அந்த ஓரிரு எடம் வேற எங்கயும் இல்லணா, எங்க மொட்டமாடிதான்." குரூப்பில் போட்டேன். கைமாறிக் கைமாறி அவரிடம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பெயரே 'ஓரிரு இடம்'தான்.

புத்தாண்டு காலையில் நாங்கள் சர்ச்சிலிருந்து வரும்போதே மேஸ்திரி மேலே ஏறி நின்றிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் மட்டத்துக்கு வரப்பில் ஆணியால் போட்ட கோட்டைக் காட்டினார். தண்ணீர் கோட்டிலேயே நின்றிருந்தது. தளத்தைத் தாங்கி நின்ற சென்ட்ரிங் பலகைக்குக் கீழே போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். சொட்டு ஈரம் இல்லை.

"இன்னாணா சொல்றீங்க?" என்றேன்.

அவர் ஸ்வெட்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். கெண்டை வெளியே வந்து, பாத்தியின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்கு நீந்திப் போயிற்று.

"நான் இன்னாத்த சொல்றது. குடி வந்தவன் நீந்திக் காட்றான் பாரு" என்றார்.